மேல்கோடு வரை ஆயில்

நாள் 412. நேரம் 07.05. ஆக்சிஜன் 78 சதவீதம். முகாமுக்கு 290 கி.மீ.

ஏழாம் போர்வெல் முடிந்தது. பம்ப் இறக்கியாயிற்று. பனி கிடைத்தது, உருக்கிப் பார்த்ததில் உப்பு. வண்டி எண் 3 முகாமுக்குத் திரும்புகிறது. ஓட்டுநர், மெக்கானிக், கிளீனர், சமையல்காரர் எல்லாம் சென்னியப்பன். நால்வருக்குள்ளும் இதுவரை சண்டை இல்லை.

கண்டெடுப்பவருக்குப் புரியும்படி எழுதவும் என்று படிவத்தின் மேலே போட்டிருக்கிறது. கண்டெடுப்பவரே, வணக்கம். நான் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி மெக்கானிக். பத்தாம் வகுப்பு இரண்டு முறை, ஐடிஐ ஒரு முறை படித்தவன். எங்கள் ஊர் ரிக் போய்ப் போர் போடாத மாநிலம் கிடையாது. செவ்வாயில் பனி தோண்டப் படித்த பெண் ஒருத்தியை எடுத்தார்கள். ரிக் பார்க்க ஆள் வேண்டுமென்று அவள் அப்பனையும் எடுத்தார்கள். பெண் பூங்கொடி, அப்பன் நான். முகாமில் தண்ணீர்ப் பரிசோதனையும் ரேடியோவும் அவள் பொறுப்பு. ரேடியோப் பேச்சை வண்டியே எழுத்தாக்கி இந்தக் குறிப்பில் சேர்த்துவிடும். மற்றதை நான்தான் எழுத வேண்டும்.

வண்டியைப் பற்றி. இங்கே குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று முதலில் வந்தவர்கள் மீத்தேன் எஞ்சின் வண்டிகளை இறக்கினார்கள். வெளிக்காற்றில் எதுவும் எரியாது. ஆகவே எஞ்சினுக்கும் எனக்கும் ஒரே ஆக்சிஜன் டேங்க். இந்தக் கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளட்ச் மிதிக்க முடியாது. ஆகவே ஆட்டோமேட்டிக் கியர், மொத்தம் மூன்று. மூன்றாம் கியரில் ஒரு சதவீதத்துக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும். முதல் கியரில் ஒன்றே ஒன்று.

பத்தொன்பது வயது வண்டி. நான் வைத்த பெயர் சம்பந்தி. எப்போது முறைத்துக்கொள்ளும் என்று தெரியாது, பதிலுக்கு நாமும் ஒன்றும் பேச முடியாது. முகாமில் நிற்கும் எண் 4, சம்பந்தியம்மா. மூன்றாவது வண்டி கிடையாது.

போய்ச் சேர 58 சதவீதம் ஆகும். 20 மிச்சம். கிளம்புகிறேன்.

நாள் 412. 11.10. ஆக்சிஜன் 66. முகாமுக்கு 229.

இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகும் இடத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி இழுக்கவில்லை. மூன்று நொடி. பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி கியர் விழுந்தது. இரண்டு முறை ஆயிற்று. மேடு ஏறும்போதுதான் செய்கிறது. கவனிக்க வேண்டும்.

நாள் 412. 11.50. ரேடியோ.

துணைக்கோள் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தலைக்கு மேலே வரும். பதினோரு நிமிடம்தான் பேச முடியும்.

"அப்பா, சாப்ட்டீங்களா?"
"ஆச்சு கண்ணு. பொங்கல்."
"நெசமாலுமா?"
"பொங்கல்னு பாக்கெட்ல எழுதியிருக்குது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."
"வண்டி எப்பிடி இருக்குதுங்?"
"சம்பந்தி கொஞ்சம் இருமறாரு. பாத்துக்கறேன்."

நாள் 412. 12.40. ஆக்சிஜன் 62. முகாமுக்கு 219.

நிறுத்திப் பார்த்தேன். கேபின் தரைப் பலகையைத் தூக்கினால் கீழே கியர் பாக்ஸ். இந்த வகைக் கியரில் எல்லாமே ஆயில் அழுத்தம்தான். பம்ப் ஆயிலைத் தள்ளும், ஆயில் கிளட்ச் பிளேட்டை அழுத்தும், பிளேட் இறுகினால் கியர் பிடிக்கும். அழுத்தம் குறைந்தால் பிளேட் வழுக்கும், எஞ்சின் வெறுமனே கத்தும்.

அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன். ஆயிலில் நுரை. கோடு சரியாகத் தெரியவில்லை. நுரை வந்தால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். ஆயில் குறைந்தால்தான் பம்ப் காற்றை உறிஞ்சும். ஒரு லிட்டர் ஊற்றினேன். முப்பது வருட அனுபவம், பத்தே நிமிட வேலை. சம்பந்திக்குத் தாகம், அவ்வளவுதான்.

நாள் 412. 15.20. ஆக்சிஜன் 57. முகாமுக்கு 203.

அரை மணி நேரம் நன்றாக ஓடியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன். அது தப்பு. இப்போது சமதரையிலும் வழுக்குகிறது.

பழுது காட்டும் கருவியைச் செருகினேன். மூன்றாம் கியர் சொலினாய்டு பழுது என்று காட்டுகிறது. கியருக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின்சார வால்வு அது. உதிரி ஒன்று இருந்தது, மாற்றினேன். ஒயரைத் தேய்த்தேன். லீவரிலிருந்து போகும் கேபிளை இழுத்துக் கட்டினேன். வெயில் உறைக்காத ஊரில் வேர்த்து விட்டது. கருவி இப்போது பழுது எதுவும் இல்லை என்கிறது. வண்டி இருக்கிறது என்கிறது. நான் வண்டியை நம்புகிறேன்.

நாள் 412. 18.00. ஆக்சிஜன் 51. முகாமுக்கு 186. ரேடியோ.

"மூணாம் கியர் விழுகறதே இல்லீங்களா?"
"அதுக்கு இன்னிக்கு நாள் சரியில்லையாட்ட இருக்குது."
"வெளையாடாதீங்ப்பா. எவ்வளவு ஆக்சிஜன் இருக்குது?"
"வேணுங்கற அளவுக்கு."
"அது ஒரு நம்பரே இல்ல."
"அம்மிணி, உங்கப்பன் தக்காளி லோடு ஏத்திக்கிட்டு ஒத்தக் கியர்ல தொப்பூர் மலை ஏறினவன். ராத்திரி உருட்டிக்கிட்டே வர்றேன். காலையில சொல்றேன்."
"காலையிலயும் சரியில்லீன்னா நானு நாலாம் நம்பர எடுத்துட்டு வந்துருவேன். சொல்லிப்போட்டேன்."

தொப்பூர் ஏறினது உண்மை. ஒத்தக் கியர் என்பது அவள் பிறந்த பிறகு சேர்த்தது.

நாள் 413. 05.40. ஆக்சிஜன் 8. முகாமுக்கு 152.

இரண்டாவதும் வழுக்கியதால் ராத்திரி முழுதும் முதல் கியர். 34 கிலோமீட்டருக்கு 34 சதவீதம். எனக்கும் ஹீட்டருக்கும் சேர்த்து எட்டோ ஒன்பதோ போயிற்று. நான்கு மணிக்கு இரண்டாம் கியர் முழுதாகப் போயிற்று. ஐந்தரைக்கு முதல் கியரும். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. அடிபிடித்த பருப்பு வாசனை கேபின் முழுக்க. பிளேட் கருகி விட்டது. இது இனி ஓடாது.

எஞ்சினை நிறுத்தினேன். நான் மட்டும் மூச்சு விட்டு, ஹீட்டரைக் குறைத்து வைத்தால் ஒரு சதவீதம் ஒன்றரை மணி நேரம் வரும். விண்வெளி உடுப்பின் ஆக்சிஜன் பாட்டிலையும் சேர்த்துத்தான் இந்த 8. மாலை ஐந்து நாற்பது வரை.

நாள் 413. 06.20. ரேடியோ.

"நின்னு போச்சு கண்ணு."
"நெனச்சேன். பெட்டியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஏழு மணிக்குக் கெளம்பறேன்."
"கூட யாரு?"
"கேபின்ல ரெண்டு சீட்டுதான். வரும்போது ஒண்ணு உங்களுக்கு வேணுமில்ல?"
"சம்பந்தியம்மாவ அதட்டாம ஓட்டு."
"ஆக்சிஜன்?"
"நீ வர்ற வரைக்கும் வரும்."
"சாயந்திரம் அஞ்சேகாலுக்கு அங்க இருப்பேன். சாப்புடாம இருங்க, இட்லி கொண்டாறேன்."
"பாக்கெட்ல எழுதியிருக்கற இட்லியா?"
"அதேதானுங்."

மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். 152 கிலோமீட்டர். கணக்குச் சரிதான். ஐந்து பத்துக்கு வருவாள். அரை மணி நேரம் மிச்சம் இருக்கும். என் பெண்ணுக்குக் கணக்கு நன்றாக வரும். அது அவள் அம்மா வழி.

நாள் 413. 08.30. ஆக்சிஜன் 6.

சும்மா உட்கார்ந்தால் மூச்சு மிச்சமாகும். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சம்பந்தி எதனால் போனார் என்று தெரியாமல் அவரை விட்டுவிட்டுப் போக மனம் இல்லை. கை பம்பைப் போட்டு கியர் ஆயிலை உறிஞ்சி லிட்டர் கேன்களில் பிடிக்கிறேன். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். புத்தகப்படி 9 லிட்டர் வர வேண்டும். 5 வந்தால் கசிவு பெரியது. 7 வந்தால் சின்னது.

நாள் 413. 10.00. ஆக்சிஜன் 5.

12 லிட்டர் வந்தது.

மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு கேன். நிறம் கறுப்பு, அடியில் பிளேட் துகள். கசிவு எங்கேயும் இல்லை. ஆயில் குறையவே இல்லை. மூன்று லிட்டர் கூட இருந்திருக்கிறது.

ஆயில் கூடினாலும் நுரைக்கும். உள்ளே சுற்றுகிற சக்கரங்கள் ஆயிலைத் தொட்டுக் கடைந்துவிடும், மோர் கடைகிற மாதிரி. நுரையால் பிளேட்டை அழுத்த முடியாது. பிளேட் வழுக்கும், கருகும். ஐடிஐயில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு நான் எங்கே இருந்தேனோ.

ஒரு லிட்டர் நேற்று ஊற்றியது. மீதி இரண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நாள் 405. ஷெட்டில் சர்வீஸ் செய்தது நான். அளவுக்கம்பியில் இரண்டு கோடு உண்டு. கீழ்க்கோடு ஆறின ஆயிலுக்கு. மேல்கோடு சூடான ஆயிலுக்கு. சூடானால் ஆயில் பெருகும். ஷெட் மைனஸ் பன்னிரண்டில் இருந்தது. நான் மேல்கோடு வரை ஊற்றினேன். அதற்கு மேலும் அரை லிட்டர், வழிச்செலவுக்கு. எங்கள் பட்டறைப் பழக்கம் அது. ரிக் லாரிக் கியரில் துளையிலிருந்து வழியும் வரை ஊற்றுவோம். ஊருக்குப் போகிற வண்டிக்குக் குறைத்து ஊற்றினவனை முதலாளி வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். என் கையில் கரண்டியைக் கொடுத்தால் குண்டானே காலி என்று என் வீட்டுக்காரி சுலோச்சனா கல்யாணமான வாரத்திலேயே சொன்னாள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 405-ல் இரண்டு வண்டிக்கும் சர்வீஸ் செய்தேன். ஒரே நாள். ஒரே கை. சம்பந்தியம்மாவுக்கு அரை லிட்டர் போதாது என்று முக்கால் ஊற்றினேன். எப்போதாவது பூங்கொடி எடுத்துக்கொண்டு போவாள் என்று.

நாள் 413. 11.15. ஆக்சிஜன் 4.

துணைக்கோள் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம். அவள் இப்போது 64 கிலோமீட்டர் வந்திருப்பாள். ரேடியோவைத் தட்டிப் பார்த்தேன். தட்டினால் துணைக்கோள் வராது என்று தெரியும். ஆனாலும் தட்டினேன்.

எனக்கு முதல் வழுக்கல் 61-ஆவது கிலோமீட்டரில். மூன்றாம் கியர் போனது அதிலிருந்து 43-இல். முழுதாக நின்றது அதே இடத்திலிருந்து 77-இல்.

பேசும்போது அவள் 82 கிலோமீட்டர் வந்திருப்பாள். மிச்சம் 70.

நிறுத்தாமல் ஓட்டினால் வழியில் மூன்றாம் கியர் போகும். என்னைப் போல 138-இல் நிற்காவிட்டால், முதல் கியரில் உருட்டி எப்படியாவது வந்து சேரலாம். அதற்குள் எனக்கு நேரம் முடிந்திருக்கும். திரும்பிப் போக அவளுக்கு வண்டி இருக்காது. எங்களைத் தேடி வரவும் வண்டி கிடையாது.

நிறுத்தினால், கியர் பாக்ஸ் ஆறி நுரை அடங்க ஐந்து மணி நேரம். குளிர் புகாமல் மூடிக் கட்டின பெட்டி, சீக்கிரம் ஆறாது. பிறகு கூடுதல் ஆயிலை இறக்கி, அளவு பார்த்து, மெதுவாக ஓட்டினால் வண்டி பிழைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து சேருவாள்.

எனக்கு ஐந்து நாற்பது.

திரும்பிப் போ என்று சொன்னால் காரணம் கேட்பாள். எனக்கு ஆக்சிஜன் இல்லை என்ற காரணத்தைச் சொன்னால் விரட்டிக்கொண்டு வருவாள். வேறு மாதிரி வளர்த்திருக்கலாம்.

நாள் 413. 12.30. ரேடியோ.

"அப்பா! எம்பத்தி ரெண்டு கிலோமீட்டர் வந்துட்டேன்."
"வண்டிய நிறுத்து கண்ணு."
"என்னுங்?"
"மொதல்ல நிறுத்து. அப்பறம் பேசலாம்."
"நிறுத்தியாச்சு. என்னாச்சு?"
"மூணுக்கு மாறும்போது கத்துச்சா?"
"ஒரு பத்து நிமிசமா கத்துது. எப்பிடித் தெரியும்?"
"உங்கப்பன் கை வேல. ரெண்டு வண்டிக்கும் ஆயில அளவுக்கு மேல ஊத்திப்போட்டேன். கியரெல்லாம் நொரைச்சுப் போய்க் கெடக்குது."
"ஏப்பா! அம்மா சொல்றது சரிதான் போல."
"அம்மாகிட்ட சொல்லிறாத. எஞ்சின நிறுத்தி அஞ்சு மணி நேரம் ஆறப்போடு. கை பம்பு சீட்டுக்குக் கீழ இருக்குது. ரெண்டு லிட்டர் எறக்கு. அப்பறம் எஞ்சின ஓடவிட்டு, அது ஓடும்போதே கம்பிய எடுத்துப் பாரு. கீழ்க்கோட்டுல நிக்கோணும். மேல்கோட்டுல இல்ல. திருப்பிச் சொல்லு."
"அஞ்சு மணி நேரம். ரெண்டு லிட்டர். எஞ்சின் ஓடும்போது கீழ்க்கோடு."
"வர்றப்ப ரெண்டாம் கியர். பத்துக்கு மேல ஓட்டாத."
"அப்பிடீன்னா ராத்திரி ரெண்டு மணி ஆகும். இப்பிடியே ஓட்டினா அஞ்சு பத்துக்கு வந்துருவேனே."
"வந்துருவே. அப்பறம் ரெண்டு பேரும் இங்கயே குடித்தனம் பண்ணோணும்."
"அப்பா. ஆக்சிஜன் எவ்வளவு? நம்பர் சொல்லுங்க."
"இருவத்தி ரெண்டு."
"இருவத்தி ரெண்டா?"
"ராத்திரி பாதி நேரம் நின்னு தூங்கிட்டேன். உங்கம்மாகிட்ட அதையும் சொல்லாத. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வரும்."
"சத்தியமா?"
"சத்தியமா, சாமி."
"இட்லி ஆறிப் போயிரும்."
"நானு சூடு பண்ணிக்கறேன்."

நாள் 413. 13.10. ஆக்சிஜன் 3.

என் பெண்ணிடம் இதுவரை சொன்ன பொய்கள் எல்லாவற்றையும் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். மிட்டாய் தீர்ந்துவிட்டது என்றது முதல் தொப்பூர் வரை. இது ஒன்றை நம்பினாள். அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். பதினோரு நிமிடத்தில் முகம் தெரியாது.

அடுத்த முறை துணைக்கோள் வருவது ஆறு நாற்பதுக்கு. நான் பதில் சொல்லாவிட்டால் பயந்து விரட்டுவாள். ரேடியோவில் ஒரு வசதி இருக்கிறது. ஓட்டுநர் தூங்கும்போது அழைப்பு வந்தால் பதிவு செய்து வைத்த பேச்சை ஒலிக்கும். அந்தப் பக்கம் பேசி நிறுத்தினால் அடுத்த துண்டு. மூன்று துண்டு பதிவு செய்தேன். அவள் என்ன கேட்பாள் என்று யோசித்து யோசித்து. முதலில் கோடு எங்கே நிற்கிறது என்று சொல்வாள். பிறகு சாப்பிட்டீர்களா என்பாள். மூன்றாவது என்ன கேட்பாள் என்று தெரியவில்லை. பொதுவாக ஒன்று போட்டு வைத்தேன்.

குரல் சிரித்த மாதிரி இருக்க வேண்டும் என்று ஏழு முறை எடுத்தேன். மூச்சு வீண்தான்.

நாள் 413. 15.30. ஆக்சிஜன் 1.5

ஹீட்டரை நிறுத்திவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம்.

கண்டெடுப்பவரே என்று எழுதிக்கொண்டிருந்தேன். கண்டெடுப்பது நீதான், கண்ணு. வேறு யார் வரப் போகிறார்கள். அதனால் நேராகவே எழுதுகிறேன். இருபத்திரண்டு இல்லை. நீ கேட்டபோது மூன்றரை. நீ ஐந்து பத்துக்கு வந்திருக்க முடியாது. அந்தக் கணக்கை நான்கு முறை போட்டேன், பத்தாம் வகுப்பு இரண்டு முறை எழுதினவன் போடுகிற மாதிரி விரல் விட்டு. நீயும் போட்டுப் பார். வந்திருக்கலாமோ என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதே. உன் கையில் ஒன்றும் இல்லை. கை என்னுடையது.

பன்னிரண்டு கேனும் பின்னால் வரிசையாக நிற்கிறது. கொட்டிவிடாதே. முகாமில் காட்டு. அடுத்து வருகிற மெக்கானிக்குக் காட்டு. எந்த ஊர்க்காரனாக இருந்தாலும்.

நாள் 413. 16.50.

சம்பந்தி மேல் தப்பில்லை. திட்டினதை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

உனக்கு மூன்று வயசில் காய்ச்சல் மருந்து. மூடியில் கோடு போட்டிருக்கும். அம்மா கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்து ஊற்றுவாள். நான் சீக்கிரம் குணமாகட்டும் என்று கொஞ்சம் கூட. அவள் என் கையிலிருந்து பிடுங்கினாள். அப்போதே

அளந்து ஊற்று. யாருக்காக இருந்தாலும்.

நாள் 413. 17.

திரும்பும்போது கிளம்புமுன் ஆயில் பார். என்னைப் பார்த்துவிட்டு உடனே ஓட்டாதே. ஒரு மணி நேரம் உட்கார். இட்லி சாப்பிடு. கை நடுங்கும்போது அளவு பார்க்

எஞ்சின் ஓடும்போது. கீழ்க்கோ

நாள் 413. 18.40. தானியங்கிப் பதிவு. ஆக்சிஜன் 0. கேபின் வெப்பம் மைனஸ் 9.

அழைப்பு: "அப்பா, ரெண்டு லிட்டர் எறக்கியாச்சு. எஞ்சின் ஓடுது. கீழ்க்கோட்டுல சரியா நிக்குது."
பதிவு 1: "அது போதும் கண்ணு. கை உங்கம்மா கை."
அழைப்பு: "சாப்ட்டீங்களா?"
பதிவு 2: "இட்லிக்காகக் காத்துக்கிட்டிருக்கறேன். ஒரு தூக்கம் போடறேன். நீ அவசரப்படாத."
அழைப்பு: "அப்பா, நீங்க சொன்ன கணக்க அஞ்சு மணி நேரமா போட்டுப் பாத்துக்கிட்டிருக்கறேன். நூத்தி முப்பத்தி எட்டு கிலோமீட்டர் வந்துருக்கறீங்க. அதுல கால்வாசி முதல் கியரு. இருவத்தி ரெண்டு எப்பிடீங் வரும்?"
பதிவு 3: "சரி சாமி. மெதுவா வா. கூட ஊத்தாத."
அழைப்பு: "அப்பா?"

பதிவு செய்த பேச்சு முடிந்தது.

அழைப்பு: "அப்பா?"

தொடர்பு துண்டிக்கப்படவில்லை.

அழைப்பு: "மெதுவாவே வர்றேனுங். பத்துலதான் வர்றேன். கூட ஊத்தலீங்ப்பா."